ஆண்டுக்கு ஒரு நாழிகை



யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் புறத்தே பண்டத்தரிப்பு என்னும் ஊர் உள்ளது. அங்கே பழைய கல்வீடுகளின் நடுக்கூடத்திலே, சுவரில் அறைந்த ஓர் ஆணியில், மூலையில் துளையிட்டு நூலிற் கோத்த பஞ்சாங்கம் ஒன்று தொங்கும். பங்குனி மாத இறுதியில் பழையது இறங்கும், புதியது ஏறும். வீட்டுத் தலைவி விரத நாளைத் தேடி அதனைப் புரட்டுவார். கமக்காரர் ஏர் பூட்டுவதற்கு உகந்த வேளையைத் தேடிப் புரட்டுவார். பிள்ளைகளோ பாடசாலை விடுமுறை எப்பொழுது வரும் என்று புரட்டுவார்கள். ஒரு சிறு புத்தகம் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வாழ்வை வரையறுத்து நிற்கிறது.

அவ்வூரிலுள்ள நாட்காட்டி அது ஒன்று மாத்திரமன்று. தேவாலய மணியோசையோடு நாளைத் தொடங்கும் வீடுகளும் அங்கு உள்ளன. போர்த்துக்கேயர் காலத்திலேயே பண்டத்தரிப்பில் தேவாலயம் எழுந்தது. ஒல்லாந்தப் போதகராகிய பல்தேயஸ் 1672 இல் வெளியிட்ட நூலில் அதனைப் பற்றிய குறிப்பு உண்டு. 1820 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் அவ்வூரிலே தங்கிப் பணி தொடங்கினார். அயலிலுள்ள சில்லாலை கத்தோலிக்க மக்கள் செறிந்து வாழும் ஊர். சற்று வடக்கே மாதகற் கரையில் சம்புத்துறை இருக்கின்றது. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கிய ஜம்புகோளப் பட்டினம் அதுவே என்று கருதுவர். அந்நிகழ்ச்சியைப் பௌத்தர்கள் மார்கழிப் பூரணையன்று நினைவுகூருகின்றனர். ஆகவே ஊர் ஒன்று, நாட்காட்டிகளோ பல.

இத்தனை நாட்காட்டிகள் எதற்காக? திருநாளும் விரதமும் வெறும் விடுமுறைக்காக ஏற்பட்டனவா? அன்றேல், வானத்தையும் வயலையும் மனிதன் உற்றுநோக்கிக் கண்டவற்றை மறவாதிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடா? இவ்வினாவுக்கு நம்முடைய வழக்கை மாத்திரம் பார்த்து விடை காண்பது அரிது. அயலார் வழக்கோடு வைத்து ஒப்புநோக்கினால் அது எளிதில் விளங்கும். அவ்வாறு ஒப்புநோக்குதற்கு மிகவும் ஏற்றது சீன தேசத்து நாட்கணக்கு ஆகும்.

சீனமும் இலங்கையும் ஒன்றையொன்று அறியாத நாடுகள் அல்ல. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஹியன் என்னும் சீனத் துறவி அநுராதபுரத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தார். விகாரையில் ஒருவர் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறி தம் தாய்நாட்டுப் பொருளென்று கண்டதும், ஊர் நினைவு மேலிட்டு அவர் கண்ணீர் சொரிந்தார் என்பது அவர் எழுதிவைத்த செய்தி. யாழ்ப்பாணத்துக்கு எதிரேயுள்ள அல்லைப்பிட்டியில் நிலத்தைத் தோண்டியபோது, ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சீன மட்பாண்டத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டிலே சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்து நாட்டிய கல் அது. யொங்லோ பேரரசரின் ஏழாம் ஆண்டு என்று, சீனர் முறைப்படி அதில் நாள் குறிக்கப்பட்டுள்ளது. நம் கணக்கில் அது 1409 ஆம் ஆண்டு.

நாட்கணிதத்திலேயே இன்னொரு தொடர்பும் உண்டு. எட்டாம் நூற்றாண்டில், தாங் மன்னரின் வானநூற் சபையில், இந்திய வழிவந்த கௌதம சித்தர் என்னும் கணிதர் பெரும் பதவி வகித்தார். அவர் 718 இல் நவக்கிரகக் கணிதத்தைச் சீன மொழியில் ஆக்கிக் கொடுத்தார். பொருள்களைப் போலவே கணக்கும் நாடுவிட்டு நாடு சென்றது என்பதற்கு இது சான்று.

இனி இருசாராரும் நாளை எண்ணும் முறையைச் சிறிது நோக்குவோம். சந்திரன் ஒரு முறை வளர்ந்து தேய்வதற்கு இருபத்தொன்பதரை நாள் செல்லும். அவ்வாறு பன்னிரண்டு முறை சென்றால் 354 நாள் ஆகும். சூரியன் தன் ஓராண்டுச் சுற்றை முடிப்பதற்கோ 365 நாளும் ஏறத்தாழக் கால் நாளும் வேண்டும். இரண்டுக்கும் இடையே பதினொரு நாள் வேறுபாடு. சந்திரனை மட்டும் பின்பற்றினால் திருநாட்கள் எல்லாப் பருவங்களிலும் சுற்றிவரும். இஸ்லாமிய நாட்காட்டி அவ்வாறு செல்வது. நோன்பு மாதம் ஒருகாலத்தில் கோடையிலும் ஒருகாலத்தில் மாரியிலும் வருவதன் காரணம் இதுவே.

சந்திரனையும் விடாது பருவத்தையும் விடாது பற்றிக்கொள்ள விரும்பியவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு மாதத்தை மிகையாகச் சேர்த்தார்கள். எந்த மாதத்தை மிகையாகக் கொள்வது? சூரியன் ஓர் இராசியிலிருந்து மற்றோர் இராசிக்குச் செல்லும் சங்கிராந்தி எந்தச் சாந்திர மாதத்தில் நிகழவில்லையோ, அது அதிக மாதம் என்பது பாரத தேசத்து விதி. சூரியன் செல்லும் வழியைப் பன்னிரண்டாக வகுத்து, அவ்வகுப்பின் எல்லை எதுவும் விழாத மாதத்தை மிகை மாதமாகக் கொள்வது சீனர் விதி. இமயத்துக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்ந்த இரு மக்கட் கூட்டத்தார் ஒரே சிக்கலுக்கு ஏறக்குறைய ஒரே தீர்வைக் கண்டார்கள். அறுபது ஆண்டுகளை ஒரு வட்டமாக எண்ணும் வழக்கமும் இருவரிடத்தும் உண்டு. ஆயினும் அதன் பிறப்பு வேறு. நம் அறுபது வியாழனின் ஐந்து சுற்றால் வந்தது. சீனரின் அறுபது, பத்துக் குறிகளையும் பன்னிரண்டு குறிகளையும் மாறிமாறி இணைப்பதால் வந்தது.

சீனர் செய்த தனிச் சிறப்பான செயல் மற்றொன்று. சூரியனின் பாதையை இருபத்துநான்கு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பருவப் பெயர் இட்டார்கள். ஏறத்தாழப் பதினைந்து நாளுக்கு ஒரு பெயர். 'வசந்தத் தொடக்கம்' பெப்ரவரி 4 ஆந் தேதியளவில் வரும். பிறகு 'மழைநீர்' வரும். 'புழுபூச்சி விழித்தல்' வரும். ஏப்பிரலில் 'தெளிவொளி'யும் 'தானிய மழை'யும், செப்டெம்பரில் 'வெண்பனித் துளி'யும், ஒக்டோபரில் 'உறைபனி இறங்குதல்' என்பதும் வரும். கிறிஸ்துவுக்கு முன் 104 இலே இவை அரசாங்க நாட்காட்டியில் இடம்பெற்றுவிட்டன. 2016 இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. இப்பெயர்கள் யாவும் மஞ்சள் ஆற்று வெளியிலே, நிலத்தைக் கையால் தொட்டு வாழ்ந்த உழவர்களின் அநுபவத்தைச் சொல்கின்றன.

பண்டத்தரிப்பு உழவருக்கு இத்தகைய அட்டவணை இல்லையா? உண்டு. ஆனால் அது ஏட்டில் இல்லை. காற்றிலும் மரத்திலும் கூழ்ப்பானையிலும் இருக்கின்றது. ஆண்டு முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தால் அது புலப்படும்.

சித்திரையில் வருடப்பிறப்பு. மூலிகைகள் இட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து நீராடி, பெரியோரிடம் கைவிசேடம் பெற்று, போர்த்தேங்காயும் மாட்டுவண்டிச் சவாரியும் கண்டு களிக்கும் காலம் அது. அறுவடையும் முடிந்து, வெயிலும் ஏறி, உழவன் ஓய்ந்திருக்கும் வேளை. கோடை தொடங்குமுன் உடலுக்கு மருந்து வேண்டும் என்ற எண்ணம் மருத்துநீரில் அமைந்திருக்கிறது. சீனர் தம் ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாளில் நாகப்படகு விடும்போது, நோய் அணுகாதிருக்க வாயிலில் மணமுள்ள மூலிகைகளைக் கட்டித் தொங்கவிடுவர். கோடைக்கு அஞ்சுவது இரு நாட்டிலும் ஒன்றே.

வைகாசியிலிருந்து சோளகம் வீசும். அனல் கலந்த அந்தக் காற்றினிடையே ஆடி பிறக்கும். ஆடி முதல் நாளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் அரிசி மாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த கூழ் கொதிக்கும், கொழுக்கட்டை அவியும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் அந்நாளைக் குறித்துச் சிறுவர்க்குப் பாடிய பாட்டை அறியாத பிள்ளை குடாநாட்டில் இல்லை எனலாம். சீனரும் தம் பன்னிரண்டாம் மாதத்து எட்டாம் நாளில் பல தானியங்களும் பருப்புகளும் இட்டு இனிய கஞ்சி காய்ச்சி, அயலாரோடு பகிர்ந்து உண்பர். வீட்டிலுள்ள தானியத்தைச் சேர்த்துப் பார்ப்பதும், இருப்பதைப் பங்கிடுவதும் இரண்டிலும் உள்ள உட்பொருள்.

ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தோர் கீரிமலையில் நீராடிப் பிதிர்க்கடன் செய்வர். அன்றைய சமையலில் காத்தோட்டிக்காய் தவறாது இடம்பெறும். தாயை இழந்தோர்க்குரிய நாள் சித்திரைப் பூரணை. சீனர் ஏப்பிரல் 5 ஆந் தேதியளவில் வரும் 'தெளிவொளி' நாளில் முன்னோர் கல்லறைக்குச் சென்று, புல் செதுக்கி, மண்ணணைத்து, உணவு படைப்பர். நாம் நீரிடத்துச் செல்கின்றோம். அவர்கள் மண்ணிடத்துச் செல்கின்றனர். இறந்தோர்க்கு ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கிவைக்காத சமுதாயம் இல்லை போலும்!

ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாளில் நல்லூரிலே கொடியேறும். இருபத்தைந்து நாள் விழா நடந்து ஆவணி அமாவாசையில் தீர்த்தமாடும். இக்காலத்தில் பனம்பழம் விழும். பிழிந்து களி எடுத்தபின் விதையைப் பாத்தியில் அடுக்குவர். ஆவணியிலும் புரட்டாதியிலும், வானம் இன்னும் வறண்டிருக்கையிலே, புழுதி பட உழுத வயலில் நெல்லை விதைப்பர். மழை வரும் என்ற நம்பிக்கை ஒன்றே அப்பொழுது உழவனிடம் உள்ள முதல். குளமும் ஆறும் பாய்ச்சும் நிலம் அன்று அது. வானம் பார்த்த பூமி. ஐப்பசியில் காற்று திரும்பி வாடை எழும். குடாநாடு ஆண்டு முழுவதும் பெறும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களில் கொட்டிவிடும். மாதகற் கடல் கொந்தளிக்கும். மீனவரின் வள்ளங்கள் கரையேறும்.

அந்த இருண்ட மழைக்காலத்தின் நடுவே விளக்கீடு வருகின்றது. வாயிலில் வாழைக்குற்றி நாட்டி அதன்மேல் சுடரேற்றுவர். கிணற்றடியிலும் மாட்டுக் கொட்டிலிலும் தோட்டத்திலும் சிறு தீபம் வைப்பர். சீனர் தம் முதல் மாதத்துப் பூரணையில் வீதியெங்கும் வண்ண விளக்குகளைத் தொங்கவிடுவர். அது குளிர்காலம் விலகுவதைக் கண்டு ஏற்றும் விளக்கு. நம்முடையதோ மாரியின் நடுவே, இருளைக் கண்டு சோராது ஏற்றும் விளக்கு.

மார்கழியில் திருவெம்பாவைக் காலம். விடியுமுன் சிறுவர்கள் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வீதிவலம் வருவர். பின்னர் தை பிறக்கும். முற்றத்திலே புதுப்பானை பொங்கும். வாடைக் காற்றிலே வல்வெட்டித்துறைச் சிறுவரும் பெரியோரும் பட்டம் ஏற்றுவர். தைப்பூசத்தன்று வயலிலிருந்து புதிர் எடுத்துவந்து புத்தரிசி உண்பர். ஆவணியில் பாத்தியிட்ட விதை பனங்கிழங்காகி வெளியே வரும். மாசியில் சிவராத்திரி, பங்குனித் திங்கட்கிழமைகளில் மட்டுவில் அம்மன் முற்றத்தில் பொங்கல். வட்டம் மீண்டும் சித்திரையில் வந்து முடியும்.

நேயர்களே, இவ்வாறு நோக்குமிடத்து, நம் திருநாட்கள் காற்றுக்கும் மழைக்கும் பனைக்கும் நெல்லுக்கும் பொருந்தவே அமைந்துள்ளன என்பது விளங்கும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. அதுவே இன்றைய பேச்சின் உயிர்நிலை.

தை முதல் நாளை உத்தராயணத்தின் தொடக்கம் என்று சொல்கிறோம். சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். உண்மையில் சூரியன் வடக்கே திரும்புவது டிசெம்பர் 21 அல்லது 22 இல். பண்டத்தரிப்பிலே ஒரு கம்பை நாட்டி அதன் நண்பகல் நிழலை நாள்தோறும் அளந்தால், மார்கழி முதல் வாரத்திலேயே நிழல் மிக நீண்டு, பின்னர் குறையத் தொடங்கிவிடும். பொங்கல் வருவதோ ஜனவரி 14 அல்லது 15 இல். இடையே ஏறத்தாழ இருபத்துநான்கு நாள். இப்பிழை எங்கிருந்து வந்தது?

கணக்கு மிக எளியது. வாக்கிய கணிதம் ஓராண்டுக்குக் கொள்ளும் அளவு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. பருவங்கள் திரும்பிவருவதற்குச் செல்லும் காலமோ 365 நாளும் 14 நாழிகையும் ஏறக்குறைய 32 விநாழிகையும். முன்னது நட்சத்திரங்களை எல்லையாக வைத்து அளந்தது. பின்னது சூரியன் வடக்கும் தெற்குமாகத் திரும்புவதை எல்லையாக வைத்து அளந்தது. பூமியின் அச்சு மெல்ல மெல்லச் சுழன்று திசைமாறுவதால் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. வேறுபாடு ஆண்டுக்கு ஒரு நாழிகை, அதாவது இருபத்துநான்கு நிமிடம். அறுபது நாழிகை ஒரு நாள். எனவே பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டு ஒருமுறை சுற்றி முடியும்போது, நம் மாதப்பிறப்புகள் பருவத்தை விட்டு ஒரு நாள் பின்தள்ளிப் போகின்றன.

ஒரு மனிதன் அறுபது ஆண்டு வாழ்ந்தாலும் ஒரு நாள் வேறுபாட்டை உணரமாட்டான். ஆயினும் வரலாறு உணரும். சுவாமி விவேகானந்தர் 1863 இல் மகர சங்கிராந்தியன்று பிறந்தார். அது ஜனவரி 12 ஆந் தேதி. அவர் 1897 இல் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் உரையாற்றியதை முதியோர் பெருமையுடன் சொல்வதுண்டு. அவர் பிறந்தபோது 12 இல் இருந்த சங்கிராந்தி இன்று 14, 15 க்கு வந்துவிட்டது. ஆரியபட்டர் நூல் செய்த காலத்தை அடுத்து, ஏறத்தாழ ஆயிரத்து நானூறு, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன், தைப்பிறப்பும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன. அக்காலத்தில் சொன்ன சொல்லை நாம் இன்றும் சொல்கின்றோம். நாள் மட்டும் நகர்ந்துவிட்டது.

சீனர் நாட்கணக்கில் இக்குறை இல்லை. அவர்களுடைய 'குளிர்கால உச்சி' எக்காலத்தும் டிசெம்பர் 21, 22, 23 ஆகிய நாட்களுள்ளேயே நிற்கும். அன்று வடசீனர் மாவுக் கொழுக்கட்டையும், தென்சீனர் இனிய நீரிலிட்ட அரிசிமா உருண்டையும் உண்பர். அந்நாளிலிருந்து எண்பத்தொரு நாளை ஒன்பது ஒன்பதாக எண்ணுவர். எண்பத்தோர் இதழ் கொண்ட பூங்கொம்பு ஒன்றை வரைந்து சுவரில் ஒட்டி, நாளுக்கு ஓர் இதழாக வண்ணம் தீட்டுவர். கடைசி இதழ் நிறம் பெறும்போது குளிர் அகன்றிருக்கும். ஆயினும் அந்தத் துல்லியம் தானாக வரவில்லை. நாட்காட்டி வெளியிடும் உரிமை பேரரசனுடையது. அரச வம்சம் மாறுந்தோறும் கணிதமும் திருத்தப்பட்டது. 1645 இல் கத்தோலிக்கக் குருவாகிய ஆதாம் ஷால் என்னும் ஜெர்மானியரின் துணையோடும் அவர்கள் அதைத் திருத்தினார்கள். ஐரோப்பாவும் 1582 இல் பத்து நாளைத் தள்ளி, வழுவிய தன் நாட்காட்டியை நேராக்கியது. வசந்த சமஇரவை அடுத்த பூரணைக்குப் பின்வரும் ஞாயிறு உயிர்த்த ஞாயிறு என்பது திருச்சபையின் விதி. பருவம் நழுவினால் அத்திருநாளும் நழுவும் என்பதே அத்திருத்தத்திற்குக் காரணம்.

நமக்கோ அரசவை இல்லை. கொக்குவிலில் இருந்து வாக்கிய பஞ்சாங்கமும், மட்டுவிலில் இருந்து திருக்கணித பஞ்சாங்கமும் வெளிவருவதும், திதி முடியும் நேரம் இரண்டிலும் வேறுபடுவதால் சில ஆண்டுகளில் ஒரே வீதியில் இரண்டு வீட்டார் வேறு வேறு நாளில் விரதம் காப்பதும் யாவரும் அறிந்தவை. இந்தியாவில் 1952 இல் விஞ்ஞானி மேகநாத சாகா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பருவத்தோடு ஒட்டிய ஆண்டைக் கொள்க என்று அது 1955 இல் அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22 இல் தேசிய நாட்காட்டியும் நடைமுறைக்கு வந்தது. அது அரசாங்கத் தாளின் மூலையில் இடம்பெற்றது. மக்களின் முற்றத்துக்கு வரவில்லை.

நாளைச் சட்டத்தால் மாற்றுவது எளிதன்று என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா தினங்களே வார விடுமுறையாக இருந்தன. சந்திரனின் நாலு நிலையும் கிழமைக் கணக்கும் ஒத்துவராமையால் வாரம் ஒருகால் நீண்டது. ஈற்றில் ஞாயிறே மீண்டும் வந்தது. பூரணை தினம் மட்டும் விடுமுறையாக நிலைத்தது. சீனக் குடியரசு 1912 இல் மேனாட்டு நாட்காட்டியை ஏற்றது. பின்வந்த ஆட்சியாளர் பழைய புத்தாண்டை ஒழிக்கவும் முயன்றனர், மக்கள் கைவிடவில்லை. 2008 இல் 'தெளிவொளி', நாகப்படகு, நடு இலையுதிர்காலம் ஆகிய பழைய திருநாட்களுக்கு அந்நாட்டு அரசே விடுமுறை அளித்தது. அதே 2008 இல் தமிழ்நாட்டு அரசு தை முதல் நாளே புத்தாண்டு எனச் சட்டஞ்செய்தது. 2011 இல் அச்சட்டம் நீங்கியது.

அப்படியாயின், வழுவிய நாளை வழுவியபடியே விட்டுவிடலாமா? இதற்கு விடை கூறுமுன் குடாநாட்டு மக்களின் அண்மைக்கால அநுபவத்தையும் எண்ண வேண்டும். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு நீங்கினர். பல ஆண்டுகளாகக் கீரிமலையில் விரும்பியவாறு தீர்த்தமாட இயலாதிருந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில், கொட்டும் மழையில் இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு விளக்கீட்டு நாளில் வலிகாமத்து முற்றங்கள் இருண்டு கிடந்தன. விதைத்த வயலும் பாத்தியிட்ட பனம்விதையும் உரியவர் இன்றியே முளைத்தன. ஆயினும் தென்மராட்சியிலும் வன்னியிலும் பிறர் வளவுகளிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் தங்கியிருந்தோர் நாளை மறக்கவில்லை. ஊர் இல்லாதபோதும் நாள் அவர்களிடம் இருந்தது. இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உறைபனியின் நடுவே பொங்கற் பானை ஏறுகின்றது. கனடியப் பாராளுமன்றம் 2016 இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. சிங்கப்பூரிலுள்ள சீனர் குளிரே அறியாத வெயிலில் நின்று 'வசந்தத் தொடக்கம்' கொண்டாடுவதும் இத்தகையதே.

ஆகவே ஒரு திருநாளுக்குள் இரண்டு பொருள் உள்ளன. ஒன்று, வானத்தையும் நிலத்தையும் பற்றிய அறிவு. மற்றொன்று, சிதறியவர் யாவரும் ஒரே நாளில் ஒன்றை நினைத்தல். இரண்டாவது பொருள், நாள் இருபத்துநான்கு நாள் நழுவியதால் கெடவில்லை. கடல் கடந்தும் கெடவில்லை. முதலாவது பொருளோ பிறந்த ஊரிலேயே கெட்டுவருகின்றது. இலங்கைத் தமிழர் ஜனவரி முழுவதையுமே 'தை' என்று அழைக்கும் வழக்கினால், மார்கழி எங்கே முடிகிறது என்பதையே பிள்ளைகள் அறியார். கொண்டல் எது, கச்சான் எது என்று கேட்டால், காற்றின் பெயரெனத் தெரியாது கச்சான் கடலையை நினைப்பவர் பலர். காற்றின் மாற்றத்தை முகத்தால் உணர்ந்து விதைப்பு நாளைச் சொல்லக்கூடிய முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். மழையோ இன்று முன்போல் முறையாக வருவதில்லை. 2008 கார்த்திகையில் நிஷா என்னும் புயல் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியதை மறக்க முடியாது. பருவம் தடுமாறும் இக்காலத்திலேதான் பருவத்தை அறியும் கண் மிகவும் வேண்டும்.

இன்னும் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் இதே கணக்கில் சென்றால், தைப்பொங்கல் பெப்ரவரி முதல் வாரத்தின் முடிவில் வரும். மழையும் அறுவடையும் சூரியனைப் பின்பற்றுவன. அவை நம் பஞ்சாங்கத்துக்காகக் காத்திரா. திருத்த வேண்டியது என்று என்றாவது ஒரு தலைமுறை ஒருமனப்படுமாயின் திருத்திக்கொள்ளட்டும். அதற்கு முன் அத்தலைமுறை, திருத்தம் எதற்கு என்பதையாவது அறிந்திருக்க வேண்டுமன்றோ? அறியாத ஒன்றைக் காப்பதும் கடினம், திருத்துவதும் கடினம்.

இதற்குப் பெரிய முயற்சி ஒன்றும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு கம்பை நாட்டுவித்து, மாணவர் கையாலேயே நண்பகல் நிழலை அளப்பிக்கலாம். மார்கழியில் நிழல் திரும்பும் நாளை அவர்கள் தாமே கண்டுபிடிப்பார்கள். ஒரு கொப்பியிலே முதல் மழை பெய்த நாள், வாடை எழுந்த நாள், முதற் பனம்பழம் விழுந்த நாள், கொன்றை பூத்த நாள், வயலில் முதற் கதிர் தலைசாய்த்த நாள் ஆகியவற்றை ஆண்டுதோறும் எழுதுவிக்கலாம். பத்து ஆண்டு எழுதினால் அது ஊரின் பருவநூல் ஆகும். இருபத்துநான்கு பெயர்களைச் சீன உழவர் கண்டதும் இவ்வாறு பார்த்துப் பார்த்தே. வீட்டிலே பெற்றோர் கூழ் காய்ச்சும்போது, பனங்கட்டி எந்தக் காலத்து நீரிலிருந்து வந்தது என்று ஒரு சொல் சொன்னால் அதுவும் பாடமே.

பண்டத்தரிப்பு வீட்டுச் சுவரில் அந்த ஆணி இன்றும் இருக்கின்றது. பங்குனி முடிவில் புதிய பஞ்சாங்கம் அதில் ஏறும். அதனைப் புரட்டும் கை, சற்றே வெளியே வந்து வானத்தையும் ஒருமுறை அண்ணாந்து பார்க்குமாயின், ஆண்டுக்கு ஒரு நாழிகை நழுவினாலும் நம் திருநாட்களின் பொருள் நழுவாது நிற்கும்.